மூடியில்லாத மாப்பிள்ளை

மாப்பிள்ளை மறுபடியும் கறுத்துப்போனார்.

தொழிற்சாலைக் கூடத்திலிருந்து இன்டர்காமில் இந்தச் செய்தி வந்தபோது திங்கட்கிழமை காலை ஒன்பதரை. ஆய்வுக்கூடத்தில் கையுறை மேடம் தோள்வரை இரண்டு கைகளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அந்தப் பெட்டியில் பொருத்தியிருக்கும் கறுப்பு ரப்பர் கையுறைகளுக்குள்தான் அவளுடைய வேலை நாளில் பாதி கழியும். அதனால்தான் அந்தப் பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நிமிடம் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

"அண்ணி, மூணாவது தடவை. உங்க மாப்பிள்ளை மூஞ்சியைக் கரியாக்கிக்கிட்டு உக்காந்துட்டாரு. ரியாக்டர் முழுக்க மை ஊத்தின மாதிரி இருக்கு."

பேசியது அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கை. அதே தொழிற்சாலையில் காலை ஷிப்டின் சூப்பர்வைசர். வீட்டில் மாடிப் போர்ஷன், வேலையில் கீழ்க்கூடம். ஆகவே அண்ணியைக் கலாய்க்க அவளுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் வசதி உண்டு.

"எப்படிப் போட்டீங்க?"

"நீங்க சொன்ன மாதிரியேதான். நைட்ரஜன் விட்டோம், பையைக் கட்டினோம், மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கொட்டினோம். பையில எங்கயோ ஊசி முனை அளவு ஓட்டை. அவ்வளவுதான், ஐயாவுக்குக் கோவம் வந்துடுச்சு."

மாப்பிள்ளை என்பது ஆளல்ல, பொடி. நிக்கல் உலோகத்தில் செய்த வினையூக்கி. ஒரு மருந்துக்குத் தேவையான இரண்டு மூலக்கூறுத் துண்டுகளை, ரியாக்டர் என்ற ஒரே பாத்திரத்தில், நாலே மணி நேரத்தில் ஒட்டவைத்துவிடும் கெட்டிக்காரப் பொடி. ஒரே ஒரு குறை, காற்று ஆகாது. துளி காற்றுப் பட்டாலும் ஆரஞ்சு நிறம் மாறிக் கறுத்துச் செத்துவிடும். ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் பிறந்து, அங்கேயே எடை போடப்பட்டு, பனிக்கட்டி சூழ, இரட்டைப் பையில் ஊர்வலமாகக் கீழ்க்கூடத்துக்குப் போக வேண்டும்.

முதல் தடவை இந்த ஊர்வலத்தைப் பார்த்த நாத்தனார்தான் அந்தப் பெயரை வைத்தாள். "வரும்போது வரவேற்பு, வந்தப்புறம் உபசாரம், எதுல ஒண்ணு குறைஞ்சாலும் முகத்தைத் திருப்பிக்கிறது. மாப்பிள்ளை இல்லாம வேற என்ன? எங்க வீட்டுக்காரரே தேவலாம் அண்ணி. அவரு கோவிச்சுக்கிட்டாலும் பசிச்சா வந்துடுவாரு. இது செத்தே போயிடுது."

இதுவரை சிரிப்பு. பதினோரு மணிக்கு மேலாளர் படியேறி வந்தபோது சிரிப்பு போயிற்று.

மேலாளருக்குத் தொழிற்சாலையில் 'ஆனா சார்' என்று பெயர். நல்ல மனிதர்தான். என்ன, எந்த வாக்கியமும் அவர் வாயில் முழுசாக நல்லபடி முடியாது.

"உங்க கெமிஸ்ட்ரி அருமை, மேடம். லேப்ல பிரமாதமா நடக்குது. ஆனா, கூடத்துல மூணு தடவை போச்சு. நான் என்ன செய்ய? மருந்துக் கையிருப்பு இன்னும் ரெண்டு வாரத்துக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க ஆளுங்க கையால போட்டு நடக்கணும். இல்லேன்னா திங்கக்கிழமை பழைய வழிக்கே போயிடலாம்."

"பழைய வழின்னா..."

"ஆமா. பின்னால இருக்கிற அறையைத் திறந்துதான் ஆகணும்."

பின்னால் இருக்கும் அந்த அறைக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'மாமியார் வீடு'. சிறைக்கும் அந்தப் பெயரைத்தானே சொல்கிறோம்? பழைய வழியில் ஆறு படிகள். மூன்றாவது படி அந்த அறையில். அமிலப் புகை முகமூடியையும் மீறி உள்ளே வரும். நாத்தனார் அங்கே இரண்டு வருடம் நின்றவள். இன்றைக்கும் வெயிலில் இறங்கினால் அவள் கண்கள் தாமாக வழியும். "வெங்காயம் வாங்காமலே அழுற ஒரே பொம்பளை நான்தான்" என்று அதையும் சிரிப்பாக்கிவிடுவாள். மூன்று மாதம் முன்பு, புதிய வழியை நம்பி அந்த அறையைப் பூட்டியபோது கையுறை மேடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள்.

இப்போது அந்தப் பூட்டைத் திறக்கப் போகிறார்கள். திறந்தால் முதலில் உள்ளே போகும் ஷிப்ட், காலை ஷிப்ட்.

மேலாளர் போனதும் கையுறை மேடத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. எதையாவது கழுவ வேண்டும், அடுக்க வேண்டும் போலிருந்தது. சுடுகாட்டைச் சுத்தம் செய்யலாம் என்று கிளம்பினாள்.

சுடுகாடு என்பது புகைபோக்கி மேடையின் ஓரத்தில் இருக்கும் ஒரு எஃகுத் தட்டு. செத்துப்போன வினையூக்கிகளைச் சிறு குப்பிகளோடு அங்கே வைப்பார்கள். வாரம் ஒரு முறை கழிவு டப்பாவுக்குப் போகும். கறுப்பு, சாம்பல், அழுக்குப் பச்சை என்று வரிசையாகப் பன்னிரண்டு குப்பிகள். பதின்மூன்றாவதைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

குப்பிக்குள் இருந்தது செங்கல் சிவப்பு.

அது போன வியாழக்கிழமை அவளே செய்தது. வழக்கமான ஆரஞ்சு வராமல் நிறம் அடர்ந்து வந்ததால், "அழுக்கு சேர்ந்துடுச்சு" என்று எரிச்சலோடு வெளியே எடுத்து, மூடிகூடப் போடாமல் தட்டில் எறிந்திருந்தாள். நாலு நாள். நாலு நாளும் மின்விசிறிக்குக் கீழே, திறந்த வாயோடு கிடந்திருக்கிறது. இன்னமும் பளபளவென்று சிவப்பு.

"இங்க வாங்களேன்!" என்று கத்தினாள்.

சோடாபுட்டி ஓடி வந்தான். அவளோடு ஆறு வருடமாக அதே கண்ணாடிப் பெட்டியைப் பங்கு போட்டுக்கொள்ளும் சக வேதியியலாளன். மூக்குக்கண்ணாடி அத்தனை தடிமன் என்பதால் அந்தப் பெயர்.

"இது சுடுகாட்டுல இருந்து எடுத்ததா? செத்தவங்க யாரும் இவ்வளவு தெளிவா இருக்க மாட்டாங்களே!"

"வியாழக்கிழமை செஞ்சது. அதே நிக்கல், அதே அளவு, அதே 'கு' பாட்டில்."

சோடாபுட்டியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "எந்த 'கு' பாட்டில்?"

"எந்த 'கு'வா? ஒரு 'கு'தானே இருக்கு? குச்சி!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நிக்கல் தனியாக நிற்காது. அதைச் சுற்றி மூன்று துணை மூலக்கூறுகள் கைகோத்துப் பிடித்திருக்க வேண்டும். அவள் பயன்படுத்தும் துணை மெலிந்து நீண்டது. நீட்டுப் பெயரை யார் எழுதுவது? பாட்டிலில் 'குச்சி' என்று எழுதி வைத்திருந்தாள்.

"மேடம்... என்னோடது ஒண்ணு உள்ளே இருக்கு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான் சோடாபுட்டி. "அதே மாதிரிதான், ரெண்டு முனையிலயும் பெரிய கொத்துக் கொத்தா இருக்கும். ஐம்பது கிராமுக்குப் பதிலா அரைக் கிலோ ஆர்டர் பண்ணினதுக்கு ஊரெல்லாம் சிரிச்சுதே, அதுதான். அதுக்கு நான் 'குண்டு'ன்னு எழுதியிருந்தேன்."

இருவரும் கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். உள்ளே, அடுத்தடுத்து, ஒரே மாதிரியான இரண்டு பழுப்பு பாட்டில்கள். கரைப்பான் சொட்டிச் சொட்டி மார்க்கர் மை கரைந்திருந்தது. முதல் பாட்டிலில் 'கு'. இரண்டாவதிலும் 'கு'. மிச்சத்தைக் கரைப்பான் தின்றுவிட்டது.

"ஆறு வருஷம் படிச்சுப் பட்டம் வாங்கினவங்க ரெண்டு பேரு" என்றாள் அவள்.

"எனக்கு ஏழு வருஷம்" என்றான் அவன்.

எது எந்தக் 'கு'? ஒரே வழிதான். இரண்டிலிருந்தும் தனித்தனியாகச் செய்து, இரண்டு கண்ணாடி வில்லைகளில் பரப்பி, வெளியே மேஜைமேல் வைத்தார்கள். இடது பக்கத்துப் பொடி பத்து எண்ணுவதற்குள் ஓரம் கறுத்து, ஒரு நிமிடத்தில் முழுக்கச் சாம்பலாயிற்று. வலது பக்கத்துப் பொடி மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகும் சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

குண்டு! அந்தக் கொத்துகள்தான் நிக்கலைச் சுற்றி நெருக்கியடித்து நின்று, காற்றை உள்ளே விடாமல் அடைத்துக்கொண்டிருந்தன. கூட்டமான பேருந்தில் கதவருகே நாலு தடியர்கள் நின்றால் புதிதாக யார் ஏற முடியும்?

அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த நிலை செவ்வாய்க்கிழமை மாலைவரை நீடித்தது.

ஏனென்றால் குண்டு வேலையே செய்யவில்லை.

இரண்டு துண்டுகளையும் போட்டு, குண்டையும் போட்டு, நாலு மணி நேரம் கலக்கினார்கள். ஒட்டவில்லை. எட்டு மணி நேரம். ஒட்டவில்லை. காற்றை உள்ளே விடாத தடியர்கள் வேறு யாரையும் உள்ளே விடவில்லை. புதன்கிழமை முழுக்க அளவைக் கூட்டினாள், கரைப்பானை மாற்றினாள். பொடி சிவப்பாகக் கரைந்து, சிவப்பாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. சாகவும் இல்லை, வேலை பார்க்கவும் இல்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் சமையலறை ஸ்டூலில் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பேருந்து ஓட்டுநரான கணவன் மறுநாளுக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள்.

"என்ன அண்ணி, குண்டு மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"தூங்குறாரு."

"அப்ப அவரு மாப்பிள்ளையே இல்ல, உங்க வீட்டுக்காரரு" என்றாள் நாத்தனார். கணவன் இஸ்திரிப் பெட்டியை ஓங்குவதுபோல் பாவனை செய்தான்.

அவள் சிரிக்கவில்லை. நாத்தனாரும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழல்விளக்கின் வெளிச்சம் பட்டு அவள் இடது கண் லேசாக வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை டிகிரில வச்சுப் பார்த்தீங்க?"

"பத்து."

"பத்தா? எதுக்குப் பத்து?"

"எப்பவும் பத்துதான். அதுக்கு மேல போனா செத்துடும்."

"எது செத்துடும்?"

"கேட்டலிஸ்ட்."

"அதான் எது? குச்சியா, குண்டா?" நாத்தனார் விடவில்லை. "வேற ஆளு, வேற ஆளுன்னு ரெண்டு நாளா நீங்கதானே குதிச்சீங்க? பழைய மாப்பிள்ளைக்கு வச்ச பனிக்கட்டியை இவருக்கும் வச்சா எப்படி? எங்க கூடத்துல எப்பவுமே ரியாக்டரைச் சுத்தி வெந்நீர் ஓடும். உங்க ஒருத்தருக்காகத்தான் தனியா குளிர் இயந்திரம் வாடகைக்குப் பிடிச்சோம். அந்தச் சனியன் வேற தினம் மக்கர் பண்ணுது."

கையுறை மேடம் நாத்தனாரையே பார்த்தாள்.

மூன்று வருடப் பழக்கம். பெட்டியிலிருந்து எடுத்ததும் பனிக்கட்டி. கை தானாகப் போகும், மூளை கூடவே போகாது. குண்டு சூடு தாங்குமா என்று அவளும் கேட்கவில்லை, சோடாபுட்டியும் கேட்கவில்லை. சூடு பட்டால் அந்தத் தடியர்களில் ஒருவனாவது அசைந்து கொடுத்து, கதவைத் திறந்துவிட மாட்டானா?

"ஏண்டி," என்றாள், "நீ ஏன் இதைத் திங்கக்கிழமையே கேக்கல?"

"பத்து டிகிரின்னு நீங்க எங்க என்கிட்டச் சொன்னீங்க? தலையை அந்தப் பெட்டிக்குள்ள விட்டுக்கிட்டு நின்னீங்க!"

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு எண்ணெய்ச் சட்டியில் குடுவையை இறக்கினாள். முப்பது. நாற்பது. சிவப்பு. ஐம்பது. சிவப்பு. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். ஐம்பத்தாறில் திரவத்தின் நடுவில் ஒரு பச்சை இழை சுழன்றது. அடுத்த நிமிடம் குடுவை முழுக்கக் கரும்பச்சை. மதியம் எடுத்துப் பரிசோதித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒட்டியிருந்தது.

அதற்கு மேல் ஆய்வுக்கூடத்தில் யாரும் நடக்கவில்லை. ஓடினார்கள். ஊரெல்லாம் சிரித்த அந்த அரைக் கிலோவில் பாதியைக் கொட்டி, மாலை நாலரைக்குள் இருநூறு கிராம் செங்கல் சிவப்புப் பொடியைச் செய்து முடித்தாள். ஒரு அகலமான டப்பாவில் போட்டாள். கையில் மூடியை எடுத்தாள். ஒரு கணம் யோசித்தாள். மூடியைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, டப்பாவைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக, பனிக்கட்டி இல்லாமல், பை இல்லாமல், பெட்டி இல்லாமல். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துப் போவதுபோல.

கூடத்தில் வேலை பார்த்தவர்கள் பாதை விட்டு விலகினார்கள், அவளைவிட அதிகமாகப் பயந்து. ஷிப்ட் முடிந்தும் காத்திருந்த நாத்தனார் டப்பாவை வாங்கி, காற்று விசுவிசுவென்று வீசும் வெளியேற்று விசிறிக்கு முன்னால் இருந்த அலமாரியில் வைத்தாள்.

"நாளைக்கு காலைல பத்து மணிவரைக்கும் இங்கேயே இருக்கட்டும். எல்லாரும் வந்து பாத்துட்டுப் போகட்டும். செத்தா இவங்க கண்ணு முன்னாடியே சாகட்டும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேலாளர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வந்தார். டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"மூடி எங்க?"

"மூடியே கிடையாது சார்" என்றாள் நாத்தனார்.

"நேத்துல இருந்தா?"

"நேத்து சாயந்திரத்துல இருந்து. நைட் ஷிப்ட்காரங்க மணிக்கு ஒரு தடவை வந்து பாத்து, சுவத்துல கோடு போட்டிருக்காங்க பாருங்க."

சுவரில் சுண்ணக்கட்டிக் கோடுகள் பதினாறு. பொடி சிவப்பாகவே இருந்தது.

"சரி. ஆனா, லேப் ஆளு தொட்டா எல்லாம் நடக்கும்..."

"அண்ணி தொடவே மாட்டாங்க." நாத்தனார் சாதாரண முகமூடியும் சாதாரணக் கையுறையும் மாட்டிக்கொண்டு, தராசில் ஒரு காகிதத்தைப் போட்டு, பெரிய கரண்டியால் பொடியை அள்ளினாள். நிதானமாக, மிளகாய்ப் பொடி நிறுப்பவள்போல. நூற்றெண்பது கிராம். ரியாக்டரின் வாயைத் திறந்தாள். உள்ளே வழக்கமான நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்தது. கரைந்த பிறகு அது போதும். அவர்களைப் படுத்தியதெல்லாம் கைக்கும் ரியாக்டருக்கும் இடையில் இருந்த அந்த ஒன்றரை அடி காற்றுதான்.

ஒரே கொட்டு. காகிதத்தின் பின்பக்கத்தில் இரண்டு தட்டு. வாயை மூடினாள். மொத்தம் ஒரு நிமிடம். முன்பு இதே வேலைக்கு ஐந்து பேர், மூன்று மணி நேரம்.

வெந்நீர் திறந்தார்கள். எல்லோரும் பார்வைக் கண்ணாடி முன்னால் கூடினார்கள். நாற்பது டிகிரி, சிவப்பு. ஐம்பது, சிவப்பு. ஐம்பத்தாறு, சிவப்பு.

கையுறை மேடம் மீட்டரைப் பார்த்தாள். ஐம்பத்தேழு. இன்னமும் சிவப்பு. மேலாளர் தொண்டையைச் செருமினார். அவர் வாயில் அந்த 'ஆனா' உருண்டு வருவதை அவளால் பார்க்கவே முடிந்தது.

"பெரிய பாத்திரம் அண்ணி" என்று காதோரம் கிசுகிசுத்தாள் நாத்தனார். "மீட்டர் வெந்நீரைக் காட்டும். உள்ளே சூடேற எப்பவும் பத்து நிமிஷம் பிந்தும். பேசாம இருங்க."

ஒன்பதாவது நிமிடம் பச்சை இழை சுழன்றது.

யாரோ விசிலடித்தார்கள். மேலாளர் திரும்பிப் பார்த்தார், ஆனால் யாரென்று கேட்கவில்லை.

மதியம் இரண்டு இருபதுக்கு சோடாபுட்டி கையில் ஒரு தாளோடு படிகளில் இறங்கி வந்தான். இறங்கி என்ன, கடைசி மூன்று படிகளைத் தாண்டியே குதித்தான். மூக்கில் கண்ணாடி கோணலாகத் தொங்கியது.

"தொண்ணூத்தேழு!" என்றான். மூச்சு வாங்கியது. "தொண்ணூத்தேழு புள்ளி நாலு!"

மேலாளர் தாளை வாங்கினார். மேலிருந்து கீழ்வரை படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"நல்லா வந்திருக்கு" என்றார். "ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா..."

கூடமே அவர் வாயைப் பார்த்தது. பம்பு ஓடும் சத்தம் மட்டும்.

மேலாளர் ரியாக்டரைப் பார்த்தார். திறந்த டப்பாவைப் பார்த்தார். சுவரில் பதினாறு கோடுகளைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது.

"சொல்லுங்க சார்" என்றாள் நாத்தனார். "ஆனா?"

"ஆனா..." என்று இன்னொரு தடவை முயன்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமே இல்ல."

பதினோரு வருடத்தில் அவர் முடித்த முதல் நல்ல வாக்கியம் அதுதான் என்று தொழிற்சாலையில் இன்றும் சொல்வார்கள். கூடத்தில் எழுந்த கூச்சலில் மாடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாத்தனார் கையுறை மேடத்தை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "இறக்குடி, விழுந்து வைக்கப்போறேன்" என்று கத்தினாலும் அவளுக்கு இறங்க மனமில்லை.

மேலாளர் பைக்குள் கைவிட்டு, நாலு நாளாகத் தயாராக வைத்திருந்த ஒரு சாவியை எடுத்தார். மாமியார் வீட்டுச் சாவி. அதை நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தார். "அடுத்த வாரம் உள்ளே இருக்கிறதையெல்லாம் கழற்றிடலாம். ரெண்டு ஜன்னல் வச்சு, உங்க ஆளுங்க உக்காந்து சாப்பிட இடம் பண்ணிக்கோங்க."

நாத்தனார் சாவியை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள். கண் வழிந்தது. இந்தத் தடவை வெயிலே இல்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, யார் சட்டைப் பையிலிருந்தோ ஒரு மார்க்கரைப் பிடுங்கினாள். டப்பாவின் வயிற்றில் எழுத ஆரம்பித்தாள்.

"முழுசா எழுது" என்றாள் கையுறை மேடம். "'கு'ன்னு மட்டும் எழுதி நிறுத்தினே, கொன்னுடுவேன்."

"'கு'வே கிடையாது அண்ணி. பேரையே மாத்தியாச்சு."

எழுதி முடித்து டப்பாவைத் திருப்பிக் காட்டினாள். கொட்டை எழுத்தில் 'மச்சான்' என்று இருந்தது.

"மாப்பிள்ளைக்குத்தான் உபசாரம் எல்லாம். மச்சான்னா, 'டேய், வந்து ஒரு கை பிடி'ன்னு கூப்பிட்டுக்கலாம்."

சொல்லிவிட்டு, டப்பாவைக் கைகழுவும் சோப்புக்கும் டார்ச் விளக்குக்கும் நடுவில், கை எட்டும் அலமாரியில் வைத்தாள். கையுறை மேடம் கோட்டுப் பையில் கைவிட்டாள். நேற்றுப் போட்ட மூடி அங்கேயே இருந்தது.

"தூசி விழாம இருக்க மூடி வேணுமா?" என்று கேட்டாள்.

"குடுங்க" என்றாள் நாத்தனார். "டீ டம்ளர் வைக்க ஆகும்."